ஆள் தெரிகிறது, முகம் தெரியவில்லை

வேலூர் சத்துவாச்சாரியில் என் சித்தி தனியாக இருக்கிறார். மகனுக்கு பெங்களூரில் வேலை. அம்மா தனியாக இருக்கிறாரே என்று வீட்டைச் சுற்றி நான்கு கேமரா மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு ராத்திரி, பின்பக்கம் இருந்த தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் சித்தி போன் செய்தார். "எல்லாம் கேமராவுல பதிவாயிருக்குப்பா, நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். திரையில் மணி 2.17. முன்பக்கக் கேமராவில் கேட் இருக்கும் இடம் ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள் ஏதோ அசைகிறது, அவ்வளவுதான். அடுத்து, வீட்டின் பக்கவாட்டுச் சந்துப் பக்கம் பார்க்கும் கேமராவில் அதே ஆள் வருகிறான். கேமராவுக்கு ஆறடி தூரத்தில் கடந்து போகிறான். ஆனால் தலை இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளை வட்டம். கண் இல்லை, மூக்கு இல்லை. ஐந்து நிமிடம் கழித்து மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடக்கிறான்.

"ஆள் வந்தது தெரியுது, யாருன்னு தெரியலியேப்பா" என்றார் சித்தி. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தோண்டித் தோண்டிப் படித்தேன், தெரிந்தவர்கள் வீடுகளில் ஏணி போட்டு ஏறியும் பார்த்தேன். பெரும்பாலான வீடுகளில் கேமரா பழுதில்லை. பகல் பதினொரு மணிக்கு வந்து, வெயிலில் நின்று மாட்டி, டி.வி.யில் பளிச்சென்று படம் காட்டி, காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். திருடன் வருவது ராத்திரி. அந்த நேரத்தில் அந்தக் கேமரா என்ன பார்க்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

இரவில் கேமரா எப்படிப் பார்க்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தெரியும். நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டர் அலைநீள ஒளியோடு நின்றுவிடும். சென்சார் 1000 வரை போகும். பகலில் இந்தக் கூடுதல் ஒளி நிறங்களைக் கெடுத்துவிடும் என்பதால், லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி வடிகட்டி அதைத் தடுத்து நிற்கும். பொழுது சாய்ந்ததும் அந்த வடிகட்டி விலகிக்கொள்ளும், படம் கறுப்பு வெள்ளையாகும். சாயங்காலம் கேமராவுக்குக் கீழே நின்றால் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் இது. அதே நேரத்தில் லென்ஸைச் சுற்றியிருக்கும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) விளக்குகள் எரியத் தொடங்கும். ஆக, இரவில் கேமரா தன் கையிலேயே ஒரு டார்ச் வைத்துக்கொண்டு பார்க்கிறது. அந்த டார்ச் நமக்குத் தெரியாது என்பதால்தான் அது எங்கே விழுகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது என்று நாம் யோசிப்பதே இல்லை.

பெரும்பாலான கேமராக்களில் 850 நானோமீட்டர் விளக்கு இருக்கும். இருட்டில் நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு உள்ளவையும் உண்டு. அவை கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது, ஆனால் அந்த இடத்தில் சென்சாருக்குப் பார்வை குறைவு, எட்டும் தூரமும் குறைவு. வீட்டுக்கு 850 போதும். சிவப்பாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், இங்கே கேமரா இருக்கிறது என்று வருகிறவனுக்குத் தெரிவது நல்லதுதான். விளக்கு எரிகிறதா என்று சந்தேகம் வந்தால் இருட்டில் உங்கள் போனின் செல்ஃபி கேமராவை அதன் பக்கம் திருப்புங்கள். பல போன்களில் ஊதா நிறத்தில் விளக்குகள் வரிசையாக எரிவது தெரியும்.

சரி, சித்தி வீட்டு முன்பக்கக் கேமராவுக்கு என்ன ஆயிற்று? மழை படக்கூடாது என்று சன்ஷேடுக்கு அடியில், சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தார்கள். நம் ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அப்படித்தான். சன்ஷேடின் அடிப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு. டார்ச் ஒளி முதலில் அதில்தான் விழுகிறது. படத்தின் மேல் பாதி முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆனதும், வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்று கேமரா நினைத்து, மொத்தப் படத்தையும் அடக்கிவிடுகிறது. இருபதடி தள்ளியிருக்கும் கேட் இருட்டில் போய்விடுகிறது. போதாததற்கு வாசல் தூணில் படர்ந்த மல்லிக்கொடி ஒன்று லென்ஸுக்கு இரண்டடி முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை இலைகள் அகச்சிவப்பை அள்ளித் திருப்பும். பகலில் கரும்பச்சையாக இருக்கும் இலை இரவுப் படத்தில் பஞ்சு போல வெளுத்து எரியும்.

பக்கவாட்டுக் கேமராவின் கதை நேர் எதிர். அந்தச் சந்து நீளமானது, கடைசி வரை இருட்டு. இருட்டு என்பதால் கேமரா எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்துகொண்டு நிற்கிறது. அந்த நிலையில் ஒருவன் ஆறடி தூரத்தில் திடீரென்று வந்தால் டார்ச் ஒளி மொத்தமும் அவன் முகத்தில் அடித்து முகம் வெந்துபோகிறது. ஒளியின் கணக்கு இதுதான்: தூரம் இரண்டு மடங்கானால் மேலே விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். 2 மீட்டரில் நிற்பவனுக்கும் 8 மீட்டரில் நிற்பவனுக்கும் 16 மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே படத்தில் சமாளிக்கச் சொன்னால் பாவம், அது என்ன செய்யும்? செட்டிங்கில் 'ஸ்மார்ட் ஐ.ஆர்.' என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், ஆள் கிட்டே வந்தால் விளக்கைத் தானே தணித்துக்கொள்ளும். அதைவிட நல்லது, ஆட்கள் மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் தூரத்தில் கேமராவை நோக்கி நடந்து வரும்படி இடத்தைத் தேர்ந்தெடுப்பது.

பெட்டியில் '30 மீட்டர் இரவுப் பார்வை' என்று போட்டிருக்கும். 30 மீட்டரில் ஏதோ ஒன்று நகர்வது தெரியும் என்று மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்குக் கணக்கே வேறு. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்திலிருந்து அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் (பிக்சல்) வேண்டும் என்று கேமரா துறையின் ஐரோப்பிய தர நிர்ணயம் சொல்கிறது. தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்ல 125. யாரோ இருக்கிறார் என்று அறிய 25 போதும். கடையில் சாதாரணமாகத் தருவது 2 மெகாபிக்சல், 2.8 எம்.எம். லென்ஸ் (இந்த எம்.எம். எண் கூடினால் பார்வை குறுகும், தூரத்து ஆள் பெரிதாகத் தெரிவான்). அதன் படம் 1920 புள்ளி அகலம், பார்க்கும் கோணம் 100 டிகிரிக்கு மேல். கணக்குப் போட்டால், அந்தக் கேமராவில் முகம் முகமாகக் கிடைப்பது ஏறக்குறைய 3 மீட்டர் வரைதான். பத்தடி! அதற்கு அப்பால் தெரிந்தவர்களைத்தான் அடையாளம் காணலாம், திருடனை அல்ல. 4 எம்.எம். லென்ஸ் என்றால் நாலு மீட்டருக்குச் சற்று மேல். 6 எம்.எம். என்றால் எட்டு மீட்டர் வரை வரும், ஆனால் பார்வை குறுகிவிடும். இதுவும் பகல் கணக்கு. இரவில் படத்தில் 'இரைச்சல்' எனப்படும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் சேர்ந்து இன்னும் குறையும்.

"வீடு பூரா தெரியணும்" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதனால்தான் எல்லா வீட்டிலும் 2.8. வீடு பூரா தெரிகிறது, ஒரு முகமும் தெரிவதில்லை. என் அபிப்பிராயம்: அகலமாகப் பார்க்க இரண்டு போதும், ஒன்றையாவது கேட் வழியாக வருகிறவன் முகத்துக்கு என்றே 6 எம்.எம். லென்ஸோடு ஒதுக்கிவிட வேண்டும். அது வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

உயரமும் அதே மாதிரிதான். கைக்கு எட்டக்கூடாது என்று பதினைந்தடியில் மாட்டுகிறார்கள். பதினைந்தடியிலிருந்து பார்த்தால் நாலு மீட்டரில் வருகிறவனின் உச்சந்தலையும் தோளும்தான் கிடைக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தால் முடிந்தது. எட்டிலிருந்து பத்தடி சரியான உயரம். முகம் இருபது டிகிரி சாய்வுக்குள் வரும். எட்டடி என்றால் திருப்பிவிடுவானே என்று பயம் வரும், நியாயம்தான். அதற்கு வழி, ஒரு கேமரா இன்னொரு கேமராவைப் பார்க்கும்படி மாட்டுவது. 2021 டிசம்பரில் நம் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு நகைக்கடையின் சுவரைத் துளைத்துப் புகுந்து சுமார் 15 கிலோ நகையை எடுத்துப் போனது ஊரே அறியும். பிறகு ஒடுகத்தூர் சுடுகாட்டுப் பகுதியில் புதைத்து வைத்திருந்ததைப் போலீசார் தோண்டி எடுத்தார்கள். உள்ளே போனவன் சிங்க முகமூடி போட்டுக்கொண்டு, கேமராக்கள் மேல் ஸ்ப்ரே அடித்தான். கேமரா இருக்கிறது என்று தெரிந்தே வருகிறவன் முதலில் அதைத்தான் தேடுவான். அவன் அதன் பக்கம் கையை நீட்டுவதை இன்னொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி நிறம். ஐ.ஆர். படத்தை வைத்து 'வெள்ளைச் சட்டை போட்டவன்' என்று எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கறுப்புச் சாயம் போட்ட பல துணிகள், முக்கியமாக செயற்கை இழைத் துணிகள், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பி வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரியும். நான் கருநீல டி-ஷர்ட்டில் சித்தி வீட்டுச் சந்தில் நடந்து பார்த்தேன், படத்தில் பால் வெள்ளை. மோட்டார் திருடனையும் நாங்கள் வெள்ளைச் சட்டை என்றே இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

இரவிலும் வண்ணம் காட்டும் கேமராக்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றின் லென்ஸ் வாய் பெரிது. எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்: எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனாலும் ஒரு பொட்டு வெளிச்சமாவது வெளியே வேண்டும், அதற்காக ஒரு மஞ்சள் விளக்கையும் உடன் வைத்திருப்பார்கள். கடையில் இதைக் காட்டும்போது அசையாத பொம்மையையோ சுவரையோ காட்டுவார்கள். ராத்திரியும் பகல் மாதிரி இருக்கும். அங்கேதான் ஏமாறுகிறோம். வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து ஒளி சேர்க்கும். நடக்கிற மனிதன் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர் நகர்கிறான். ஷட்டர் நொடியில் 25இல் ஒரு பங்கு திறந்தால் அதற்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பான். 5இல் ஒரு பங்கு என்றால் 26 சென்டிமீட்டர், அதாவது ஒரு முகத்தின் அகலத்தைவிட அதிகம். சுவர் அழகாகத் தெரியும், ஆள் புகையாகத் தெரிவான். கடைக்காரரிடம் "அண்ணே, அந்த லைட்டை அணைச்சிட்டு கொஞ்சம் முன்னால நடங்க" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் நடந்து காட்டுவார். மெகாபிக்சல் கூடக் கூட நல்லது என்பதும் இரவுக்கு அப்படியே பொருந்தாது. அதே அளவு சென்சாரில் 2 மெகாபிக்சலுக்குப் பதில் 5 மெகாபிக்சலை நெருக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறையும்.

இத்தனைக்கும் மேல் மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது: கேட்டுக்கு உள்பக்கம், வருகிறவன் முகத்தில் விழும்படி ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு. ராத்திரி முழுக்க 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். வீட்டுக்கு இலவச யூனிட்டும் கிடைக்கும்போது இது ஒரு செலவே இல்லை. அந்த பல்பு கேமராவின் கண்ணில் படக்கூடாது, அது மட்டும் முக்கியம். கேமராவுக்குப் பக்கவாட்டிலோ மேலேயோ இருந்து, கேமரா பார்க்கும் திசையிலேயே அடிக்க வேண்டும். கேட் தூண் மேல் உருண்டை விளக்கு வைத்து, கேமராவை அதை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறார்களே, அந்த வீடுகளில் ஆள் வெறும் நிழல். தெருவிளக்கு நேர் எதிரே இருந்தாலும் இதே கதி. கேமராவைக் கீழே சாய்த்தோ ஒரு பக்கம் தள்ளியோ அதைப் படத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள். வண்டி நம்பர் வேண்டும் என்றால் அது தனி வேலை. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளோடு வரும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒளியைத் திருப்பி அடிக்கும், ஐ.ஆரில் வெறும் வெள்ளைச் சதுரமாகிவிடும்.

பகலில் ஒழுங்காக ஓடுகிற கேமரா, ஆறரை மணியானால் படம் போய்ப் போய் வருகிறதா? நிறைய பேர் கேமரா போய்விட்டது என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள். இரவில் ஐ.ஆர். விளக்கு எரிவதால் கேமரா இழுக்கும் மின்சாரம் கூடுகிறது. கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து 12 வோல்ட் கிளம்பினாலும், மெல்லிய ஒயரில் மாடி வரை முப்பது நாற்பது மீட்டர் போவதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். கேமரா அணையும், விளக்கு அணைந்ததும் வோல்டேஜ் ஏறும், மறுபடி எழும், மறுபடி அணையும். செம்பு பூசிய அலுமினிய ஒயர் போட்ட வீடுகளில் இது அதிகம். நல்ல செம்பு ஒயர் மாற்றினாலோ, அந்தக் கேமராவுக்குப் பக்கத்திலேயே தனி அடாப்டர் கொடுத்தாலோ சரியாகிவிடும். டி.வி.ஆர். (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), கேமரா பவர், வைஃபை பெட்டி மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் போடவும் மறக்காதீர்கள். கரண்ட் போன ராத்திரிதான் கேமரா வேண்டியிருக்கும்.

வேலூர் வெயிலும் இதில் வந்து சேர்கிறது. மரம் இல்லாத மலை என்று நம் ஊரைச் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரிதான் விடுகிறது. கத்திரி வெயில் நாட்களில் மேற்குச் சுவர் பத்து மணிக்குக்கூடக் கை வைக்க முடியாமல் இருக்கும். சூடான சென்சாரில் இரைச்சல் அதிகம். ஆகவே மே மாத இரவுப் படம் மார்கழிப் படத்தைவிடப் புள்ளியாகத்தான் இருக்கும். முடிந்தால் மேற்குச் சுவரை விட்டுவிடுங்கள்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நிறைவாகாது. மழைக்கு அப்புறம் ஈசல் கிளம்பினால் விளக்கு இருக்கும் கேமரா முன்னால் பனி பெய்வது போல இருக்கும். சிலந்தி அதைவிட மோசம். லென்ஸுக்கு ஓரங்குலம் முன்னால் ஓர் இழை கட்டினால் போதும், டார்ச் ஒளியில் அது கயிறு மாதிரி தெரியும். காற்றில் ஆடும் ஒவ்வொரு தடவையும் 'யாரோ வருகிறார்கள்' என்று போனில் மணி அடிக்கும். நான்காம் நாள் மணியை அணைத்துவிடுவோம். சித்தியும் அப்படித்தான் அணைத்து வைத்திருந்தார், அந்த ராத்திரி போன் வாய் மூடியிருந்தது.

ராத்திரிக் கேமராவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் தெருக்கள் குறுகல். வெயில் காலத்தில் எதிர் வீட்டார் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். இருட்டு என்று அவர்கள் நினைக்கும் இடம் நம் கேமராவுக்கு இருட்டு இல்லை. அவர்களுடைய மாடியோ குளியலறை ஜன்னலோ படத்தில் வந்தால் கேமராவைத் திருப்புங்கள். திருப்ப முடியாவிட்டால் செட்டிங்கில் அந்த இடத்தை மறைக்கும் கறுப்புக் கட்டம் போடும் வசதி இருக்கிறது. அந்தரங்கமான நிலையில் ஒரு பெண்ணைப் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அக்கம்பக்கத்தார் நிம்மதியாகத் தூங்குவது நம் பொறுப்பும்தான். அதே போல பாஸ்வேர்டை மாட்டியவர் வைத்தபடியே விட்டுவிடக் கூடாது. 2016இல் மிராய் என்ற வைரஸ், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது.

பதிவைப் பற்றி ஒரு விஷயம். சித்தி வீட்டு டி.வி.ஆர். கடிகாரம் 40 நிமிடம் பின்தங்கியிருந்தது. 2.17 என்று நாங்கள் பார்த்தது உண்மையில் 2.57. பக்கத்துத் தெருக் கேமராவில் அந்த ஆளைத் தேடியவர்கள் முதல் நாள் தப்பான நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும்படி செட்டிங்கில் வைத்துவிட்டால் தீர்ந்தது. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) வேகத்தில் எழுதினால் நாளுக்கு 86 ஜி.பி. ஆகும், 1 டி.பி. ஹார்டு டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். ஆகவே சம்பவம் நடந்த அன்றே பென் டிரைவில் எடுங்கள். டி.வி. திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட, அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) சான்றிதழ் வேண்டும். அதற்கு மூலப் பதிவு கெடாமல் இருக்க வேண்டும்.

சித்தி வீட்டை மாற்றி அமைத்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஒன்பதரை மணிக்குத் தெருவில் நடமாட்டம் அடங்கியதும் தொடங்கினோம். முன்பக்கக் கேமராவை சன்ஷேடின் நுனிக்குக் கொண்டுவந்து ஒரு ஜாண் கீழே இறக்கினோம். மல்லிக்கொடியைத் தூணோடு சேர்த்துக் கட்டினோம். சந்தில் இருந்ததை எதிர் முனைக்கு மாற்றி, ஒன்பதடியில், வருகிறவன் முகம் பார்க்கத் திருப்பினோம். முன்பு வாங்கியதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு 6 எம்.எம். வாங்கி கேட்டுக்கு என்று வைத்தோம். நான் ஏணியில், தம்பி பெங்களூரிலிருந்து போனில், சித்தி நடக்கிற ஆள். "இன்னும் ஒருவாட்டி நடக்கணுமா?" என்று கேட்டுக் கேட்டு ஏழெட்டு முறை கேட்டிலிருந்து உள்ளே நடந்தார், முக்காடு போட்டுக்கொண்டு ஒரு முறை, குனிந்துகொண்டு ஒரு முறை. பதினொன்றே காலுக்கு போனிலிருந்து குரல் வந்தது: "அண்ணா, அம்மா மூக்குத்தி தெரியுது."

இப்போது வெள்ளிக்கிழமை வாசல் கழுவி முடித்ததும், சித்தி ஒட்டடைக் குச்சியில் மெல்லிய துணி சுற்றி நான்கு கேமராவின் முகத்தையும் ஒரு தரம் துடைத்துவிடுகிறார். போன் மணியை மறுபடி போட்டு வைத்திருக்கிறார்.